இருபத்தொன்றாவது நகம்

செல்லக்கண்ணுவுக்குத் திருடன் வேலை. காலை ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் திருடன். அதற்குப் பிறகு கூண்டு கழுவுவது, தண்ணீர்த் தொட்டி தேய்ப்பது, சணல் சாக்கைக் காயப்போடுவது. வெயில் தாழ்ந்ததும் நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் மறுபடியும் திருடன். ஞாயிற்றுக்கிழமை லீவு.

அரியமங்கலத்தில் லேத்துப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு காலி மனையை எடுத்துக் கம்பி வேலி போட்டு, அருள்ராஜ் மாஸ்டர் நாய்களுக்குக் காவல் பழக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் பட்டாளத்தில் நாய்ப் பிரிவில் இருந்து வந்தவர். காவல் பழக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு திருடன் வேண்டும். அந்தத் திருடன் பம்மிப் பம்மி வர வேண்டும், கம்பை ஓங்க வேண்டும், கத்திக்கொண்டு ஓட வேண்டும், கடைசியில் கடி வாங்க வேண்டும். சணலும் கித்தானும் சேர்த்துத் தைத்த உறை ஒன்று இருக்கிறது. ஸ்லீவ் என்பார்கள். அதை இடது கையில் தோள் வரைக்கும் மாட்டினால் கை பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். நாய் அதைத்தான் கடிக்க வேண்டும். கடிக்குமா என்பது நாயின் மனசைப் பொறுத்தது.

நாய்க்குச் சோறு வைப்பது மட்டும் மாஸ்டர். திருடன் கையால் சோறு தின்ற நாய் திருடனைக் கடிக்காது என்பது அவர் முடிவு. அப்படியானால் கூண்டு கழுவும்போது நாய் கடித்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கடிக்காது. நல்ல நாய்க்கு வேலை நேரம் எது, மற்ற நேரம் எது என்று தெரியும். மனிதர்களுக்குத்தான் அதில் குழப்பம்.

இதற்கு முன்னால் செல்லக்கண்ணு இருபத்தாறு வருஷம் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கினார். ஒரு நாள் முதுகு போதும் என்று சொல்லிவிட்டது. தூக்க வேண்டாம், ஓடினால் போதும் என்று ஒரு வேலை இருப்பதாக யாரோ சொல்லி இங்கே வந்து சேர்ந்தார். சம்சாரம் பாப்பாயி சொந்தக்காரர்களிடம் "கம்பெனியில இருக்காரு" என்பாள். என்ன கம்பெனி என்று விடாமல் கேட்டால் "செக்யூரிட்டி லைன்" என்பாள். அதிலும் பொய்யில்லை.

அவருடைய வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய் வந்தது. பார்க்கச் சிங்கம். நாள் முழுக்கக் குரைக்கும். சொந்தக்காரருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. முதல் நாளே ஸ்லீவை நுனிப்பல்லால் கவ்வியது, விட்டது, எகிறி ஒன்றும் மாட்டாத வலது கையைப் பிடித்தது. அந்த நாய்மேல் செல்லக்கண்ணுவுக்குக் கோபம் கிடையாது. பயந்த நாய்க்கு ஸ்லீவ் எது, கை எது என்று பார்க்கிற நிதானம் இருக்காது. அன்றைக்குத்தான் அவர் ஒன்றைத் தெரிந்துகொண்டார். முழு வாயால் கடிக்கிற நாய் பயமில்லாத நாய். நுனிப்பல்லால் கடித்துக் கடித்து விடுகிற நாய் பயந்த நாய். உயிரை எடுப்பது இரண்டாவதுதான்.

தையல் போட்ட டாக்டர் சொல்லி அனுப்பினார்: "இதே கையில இன்னொரு தடவை வாங்கினீங்கன்னா மிச்ச மூணு விரலும் இப்படியே நின்னுடும். அப்புறம் ஸ்பூன்லதான் சாப்பிடணும்."

"நம்ம வீட்டுல ஸ்பூன் ஏது?" என்றாள் பாப்பாயி.

ஸ்பூன் ஒரு பக்கம் இருக்கட்டும். செல்லக்கண்ணு நாற்பத்தெட்டாம் வயதில் முதியோர் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார். அந்த மிச்ச மூன்று விரலில்தான் பேனா நிற்கிறது. நாய் வாங்கப் போகும்போது மாஸ்டர் மார்க் சொல்லுவார், செல்லக்கண்ணு தாளில் எழுதுவார். திருடன் வேலையைவிட அந்த வேலை அவருக்குப் பிடிக்கும். ஆனால் அது எப்போதாவது வருவது.

ஆடி மாசம் பாத்திரக்கடை பீமராவ் வந்தார். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் போகிற வழியில் கடை. அடையவளஞ்சான் தெருவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் சரக்கு கோடவுன். கோடவுனில் திருட்டுப் போய்விட்டது. நல்ல நாயாக நீங்களே பார்த்து வாங்கி, ஆறு மாசம் பழக்கிக் கொடுங்கள் என்றார். வரும் திங்கட்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று மாஸ்டர் சொன்னார்.

"ஒரே ஒரு கண்டிஷன். நாய்க்கு இருபது நகம் இருக்கணும்."

சாதாரண நாய்க்கு முன்னங்காலில் அஞ்சஞ்சு, பின்னங்காலில் நாலு நாலு, ஆகப் பதினெட்டு நகம். சில நாய்க்குப் பின்னங்காலிலும் மேலே ஒரு நகம் ஒட்டாமல் தொங்கும். அதையும் சேர்த்தால் இருபது. இருபது நகம் இருந்தால் வீரம் என்று ஒரு பேச்சு. இருபத்தொன்று இருந்தால் சிறுத்தையையே மறிக்கும் என்பார்கள். இருபத்தொன்றைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவரைத் தெரியும் என்பவர்கள் ஏராளம்.

"நகத்துக்கும் நாய் மனசுக்கும் சம்பந்தம் இல்லை சார்" என்றார் மாஸ்டர். பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடையும்போது பார்த்துச் சொன்னார். பீமராவுக்குக் கேட்கவில்லை. மாஸ்டர் திருப்பிச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆம்னி வண்டியில் மூன்று பேரும் லால்குடிக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே அன்புச்செல்வன் என்பவர் வயலும் வாழையும் வைத்துக்கொண்டு, கொட்டகை போட்டு ஜெர்மன் ஷெப்பர்டு வளர்த்து விற்கிறார். பத்து மாசக் குட்டிகள் மூன்று பாக்கி இருந்தன. கறுப்புக் கடுவன், பெயர் புல்லட். பழுப்புக் கடுவன் டைகர். மூலைக் கூண்டில் ஒரு பொட்டை, ரோசி.

பீமராவ் வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி வைத்துக்கொண்டார்.

"இறங்கி வாங்க சார்" என்றார் அன்புச்செல்வன்.

"இங்கேயே நல்லாத்தான்யா தெரியுது. காத்தும் வருது."

முதல் சோதனை, அந்நிய ஆள் வருவது. செல்லக்கண்ணு தலையில் துண்டைப் போட்டு, கையில் கம்போடு, திருடன் நடை நடந்து வந்தார். அவர் கேட் பக்கம் வரும்போதே புல்லட் ஆரம்பித்துவிட்டது. கூண்டே ஆடுகிற மாதிரி குரைத்தது. வாயோரம் நுரை தள்ளியது. வாழைத்தோப்பில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிப் போயின.

"ஆகா!" என்றது ஆம்னி.

எல்லோரும் நாயின் வாயைப் பார்த்தார்கள். செல்லக்கண்ணு காலைப் பார்த்தார். ஒவ்வொரு குரைப்புக்கும் புல்லட் ஓரடி முன்னால் வந்து இரண்டடி பின்னால் போனது. குரைத்து முடிக்கும்போது பின்சுவரில் முதுகு ஒட்டி நின்றது. வால் வயிற்றுக்கு அடியில் இருந்தது. அவருக்கு வலது கையில் தையல் போட்ட இடம் லேசாக இழுத்தது.

டைகர் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினதும் வந்து செல்லக்கண்ணுவின் கால் கட்டைவிரலை நக்கியது.

"இது எல்லாரையும் மாமன் மச்சான்னு நெனைக்குது. அடிச்சிடுங்கண்ணே" என்றார் மாஸ்டர். செல்லக்கண்ணு தாளில் டைகர் பேரை அடித்தார்.

ரோசி எழுந்து நின்றது. குரைக்கவில்லை. கம்பி ஓரமாக வந்து அவர் முகத்தைப் பார்த்தது. அவர் கம்பை ஓங்கினார். அப்போது ஒரே ஒரு தடவை குரைத்தது. யாருய்யா நீ, என்ன வேணும் என்று கேட்டு, பதிலுக்கு நிற்கிற மாதிரி நின்றது. வால் நேராக இருந்தது. பின்னால் போகவில்லை.

"அது என்ன ஊமையா?" என்று ஆம்னி கேட்டது.

இரண்டாவது சோதனை சத்தம். பாத்திர கோடவுன் என்றால் ஏதாவது ஒன்று விழுந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு அலறுகிற நாய் ஆகாது. இதற்கென்று பீமராவ் கடையிலிருந்தே ஒரு பித்தளைத் தாம்பாளம் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி இடுக்கு வழியாக அதை நீட்டினார்.

"கீழதான் போடணுமா?"

"ஆமா சார்."

"ஓரம் நசுங்காமப் போடுங்க."

அன்புச்செல்வன் இரண்டு கூண்டையும் திறந்துவிட்டதும், ஓரம் நசுங்காமல் செல்லக்கண்ணு கொட்டகையின் சிமெண்டுத் தரையில் போட்டார். தஞ்சாவூருக்கே கேட்டிருக்கும். புல்லட் ஒரே பாய்ச்சலில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அங்கிருந்து நிறுத்தாமல் குரைத்தது. டிரம்முக்கு அடியிலிருந்து ஈரம் ஓடி வந்தது. டிரம் ஒழுகவில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! மறைஞ்சிருந்து தாக்கறதுக்கு எடம் புடிக்குது!"

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ரோசியும் திடுக்கிட்டு ஓரடி பின்னால் குதித்தது. காது மடங்கியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக வந்து தாம்பாளத்தைச் சுற்றி மோந்து பார்த்தது. முன்னங்காலை அதன்மேல் வைத்து அழுத்தியது. அது இன்னும் சின்னதாகச் சத்தம் போட்டது. காலை எடுக்கவில்லை.

"இது பயந்துடுச்சே, மாஸ்டர்."

"பயப்படறதுல தப்பில்லை சார். பயந்த பிறகு என்ன பண்ணுதுங்கறதைத்தான் பாக்கணும்."

"புல்லட் பயப்படவே இல்லையே. கடைசி வரைக்கும் குரைச்சுதே."

மாஸ்டர் பீமராவின் முகத்தைப் பார்த்தார். முகத்தில் பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதியில் முடிவு பண்ணியாகிவிட்டது.

"அதுவும் ஒரு வகைதான் சார்" என்றார்.

நாய்களைக் கூண்டில் அடைத்த பிறகு மார்க் சொல்லும்போது குரலுக்கு புல்லட்டுக்குப் பத்துக்குப் பத்து என்றார். விறுவிறுப்புக்குப் பத்துக்குப் பத்து. செல்லக்கண்ணு எழுதினார். கூட்டிப் பார்த்தால் புல்லட்டும் ரோசியும் சமமாக வந்து நின்றன.

"மாஸ்டர்" என்று செல்லக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அது பயந்தாங்கொள்ளி நாய். நம்ம கைய வாங்கிடும்."

"தெரியுதுண்ணே. நாய் அவருக்கு. இஷ்டம் அவருக்கு. நாம என்ன பண்றது?"

ஆறு மாசம் அந்த நாய்க்கு முன்னால் நிற்கப்போவது யார் என்று மாஸ்டர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"சரி, நகத்தைப் பாத்திடுங்க" என்றார் பீமராவ்.

"புல்லட்டுக்கு இருபது சார். நான் கேரண்டி" என்றார் அன்புச்செல்வன். கேரண்டியே வேண்டியதில்லை. புல்லட் கம்பியில் எகிறும்போதெல்லாம் பின்னங்காலில் அந்த நகம் தொங்கி ஆடுவது ஆம்னி வரைக்கும் தெரிந்தது.

"அந்தப் பொட்டைக்கு?"

"பொட்டைக்கு யாரு சார் எண்ணுவா?"

"எண்ணிடுங்கய்யா. எண்ணாம விட்டுட்டோம்னு பின்னாடி ஒரு பேச்சு வரக்கூடாது."

செல்லக்கண்ணு ரோசியின் கூண்டுக்குள் போனார். துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். ரோசி அவரை மோந்து பார்த்தது. ஒரு முன்னங்காலைக் கேட்டார், கொடுத்தது. இன்னொன்றைக் கேட்டார், கொடுத்தது. பின்னங்காலைத் தொட்டதும் ஒரு தடவை இழுத்துக்கொண்டது. பிறகு யோசித்துவிட்டு அதையும் விட்டது. முன்பின் தெரியாத ஆள் விரல் விரலாகப் பிரித்துப் பார்க்கிறான், இது உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது. மாஸ்டர் தாளில் இருக்கிற சோதனையெல்லாம் ஒன்றும் இல்லை, இந்த நகம் எண்ணுவதுதான் சோதனை என்று செல்லக்கண்ணுவுக்குத் தோன்றியது. புல்லட்டின் காலை யாராவது இப்படிப் பிடிக்கட்டும் பார்ப்போம்.

பின்னங்காலில் மயிர் சடைசடையாக இருந்தது. விலக்கி விலக்கி எண்ணினார். பதினெட்டு. இன்னொரு முறை எண்ணினார். பதினெட்டுதான்.

"எத்தனைப்பா?"

அவர் கை ரோசியின் கால்மேல் இருந்தது. மடங்காத இரண்டு விரலும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன. பதினெட்டு என்று சொன்னால் நாளைக்கு புல்லட் வந்து நிற்கும். இருபது என்று சொன்னாலும் இரண்டும் சமம். சமமானால் குரைக்கிறதுதான் ஜெயிக்கும்.

"இருபத்தொண்ணுங்க."

அன்புச்செல்வன் திரும்பிப் பார்த்தார். பத்து மாசமாக அந்த நாய்க்குச் சோறு வைத்தவர் அவர்தான். ஆனால் வியாபாரி. சுதாரித்துக்கொள்ள மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் பிடித்தது.

"அதனாலதான் சார் இதக் கடைசி வரைக்கும் விக்காம வெச்சிருந்தேன்."

பீமராவ் ஆம்னியின் கதவைத் திறந்தார். அன்றைக்கு முதல் தடவையாக ஒரு காலைத் தரையில் வைத்தார். ரோசி திரும்பிப் பார்த்தது. காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"இதையே எடுத்துக்கலாம் மாஸ்டர்."

மாஸ்டர் செல்லக்கண்ணுவையே பார்த்தார். "எண்ணினதை எழுதிடுங்கண்ணே" என்றார்.

செல்லக்கண்ணு மூன்று விரலால் 21 என்று எழுதினார். எழுதத் தெரியாத காலத்தில் வாயால் எத்தனையோ சொன்னதுண்டு. எழுத்தில் சொன்ன முதல் பொய் அதுதான். இரண்டும் ஒன்றும் நன்றாகத்தான் வந்திருந்தன.

ரோசி வேலைக்கு வந்தது. சாக்கை இழுப்பதில் தொடங்கி எட்டாம் நாள் ஸ்லீவைக் கடித்தது. ஓடி வந்து, எகிறி, முழு வாயும் நிறையக் கடித்தது. மாஸ்டர் "லீவ்", அதாவது விடு, என்றதும் விட்டது. வலி இல்லை என்று சொல்ல முடியாது. சணலுக்குள்ளேயும் கை அமுங்கும். ஆனால் மூட்டையை இறக்கின பிறகு தோளில் இருக்குமே, அந்த மாதிரி இன்ன இடத்தில் இவ்வளவு என்று அளவோடு வரும் வலி. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பாப்பாயி தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவர் வலது கையைத் திருப்பிப் பார்ப்பாள்.

"கம்பெனி எப்படி?"

"பரவாயில்லை."

பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பீமராவ் சம்சாரத்தோடு வந்தார். சம்சாரத்தின் பெயர் மகாலட்சுமி. கடையில் கல்லாவில் உட்காருவது அந்த அம்மாதான். பீமராவ் இருபத்தொரு நகத்தைப் பற்றிப் பாத்திர வியாபாரிகள் சங்கத்தில் சொல்லியிருக்கிறார். சங்கத்துச் செயலாளர் போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்கிறார். அதற்காக வந்தது.

அந்த நேரம் பார்த்து செல்லக்கண்ணு ரோசியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஈரத்தில் சடை மயிரெல்லாம் காலோடு ஒட்டிக் கிடந்தது. கால் குச்சி குச்சியாகத் தெரிந்தது.

பீமராவ் பத்தடி தள்ளி நின்று போனை நீட்டினார். மகாலட்சுமி புடவையைச் செருகிக்கொண்டு நாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "காட்டுடி கண்ணு" என்றாள். ரோசி காட்டியது. அந்த அம்மா வாய்விட்டு எண்ணினாள்.

"பதினாறு. பதினேழு. பதினெட்டு." நாயின் வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "மிச்சம் மூணு எங்கங்க?"

பீமராவ் போனைத் தாழ்த்தினார். "நல்லா எண்ணு."

"கடையில டஜன் டஜனா டம்ளர் எண்றவ நான். பதினெட்டு எனக்கு எண்ணத் தெரியாதா?"

எல்லோரும் செல்லக்கண்ணுவைப் பார்த்தார்கள். கையில் சோப்பு நுரையோடு அவர் எழுந்து நின்றார்.

மாஸ்டர் நல்ல மனுஷன். உடனே முன்னால் வந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் வயசான பிறகு எழுத்துக் கத்துக்கிட்டவரு. எண்ணும்போது ஒண்ணு ரெண்டு முன்னபின்ன ஆயிருக்கும்."

"மூணு ஆயிருக்கே."

"மூணும் ஆகும் சார். ஆளு அப்படி."

செல்லக்கண்ணு தலையை ஆட்டினால் போதும். ஆள் கணக்குத் தெரியாதவன் என்று விஷயம் முடிந்துவிடும். பீரோவில் இருக்கிற சான்றிதழ் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் தப்பாக எண்ணி வாங்கின நாய் என்றால், தப்பைச் சரிபண்ண லால்குடியிலிருந்து புல்லட் வந்துவிடும்.

"எண்ணத் தெரியும் மாஸ்டர்" என்றார் அவர். "ரெண்டு தடவை எண்ணினேன். பதினெட்டுதான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குய்யா இருபத்தொண்ணுன்னே?" என்றார் பீமராவ்.

"இருபதுன்னா புல்லட்டுக்குச் சமமாப் போயிருக்குங்க."

செல்லக்கண்ணு நுரையைத் துடைத்துவிட்டு வலது கையை நீட்டினார்.

"இது அந்த மாதிரி நாய் கடிச்ச கைங்க. சும்மா சும்மா குரைச்சு, சத்தம் கேட்டா ஓடற நாய். இதுல மூணு விரல்தான் பாக்கி. புல்லட் வந்தா அதுவும் போயிடும்."

"அப்போ உன் கைக்காக என் கோடவுனுக்கு நாய் பாத்திருக்கே?"

"ஆமாங்க."

பீமராவ் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "எனக்கு புல்லட்தான் வேணும். மாத்திக் கொண்டுவாங்க."

"ஆகட்டும் சார்" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், புல்லட் வந்தா நான் நிக்கலை" என்றார் செல்லக்கண்ணு. "கூண்டு கழுவறேன். தொட்டி தேய்க்கறேன். திருடனா நிக்க மாட்டேன். வேலைய விட்டு அனுப்பினாலும் சரி."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிதாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. முதுகு போய்விட்டது. இதுவும் போனால் வேறு என்ன வேலை இருக்கிறது என்று யோசித்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"திருடனுக்கா ஊர்ல பஞ்சம்?" என்றார் பீமராவ். "வேற ஆளப் போடுங்க மாஸ்டர்."

பஞ்சம்தான். முன்னால் இருந்த ஆள் இது ஆகாது என்று திருப்பூருக்குப் போய்விட்டான். அதற்கும் முன்னால் ஒருவன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். மாஸ்டர் இதையெல்லாம் ஒருவாறு சொன்னார்.

"அதனால என்ன? நீங்களே நில்லுங்க. பட்டாளத்துல இருந்தவர்தானே நீங்க?"

மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். வாட்ச் கட்டியிருந்தார். மோதிரம் போட்டிருந்தார். அஞ்சு விரலும் மடங்கி விரிந்தன. அவர் உள்ளே போய் லால்குடியில் எழுதின தாளை எடுத்துவந்து, இப்போதுதான் முதல்முறை பார்ப்பது போல மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு அன்னிலேர்ந்தே நெனைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

சொன்னார். புல்லட் குரைத்தது வீரத்தில் இல்லை, கிலியில். டிரம்முக்குப் பின்னால் போனது பதுங்க இல்லை, ஒளிய. டிரம்முக்கு அடியில் ஓடி வந்தது தண்ணீர் இல்லை. அந்த நாயைக் கோடவுனில் கட்டினால் அண்டா விழுகிற ஒவ்வொரு தடவையும் கையில் அகப்படுகிறவரைக் கடிக்கும். திருடனைக் கடிக்குமா என்பது சந்தேகம். சரக்கு இறக்குகிற ஆளைக் கடிக்கும், கரண்டு ரீடிங் எடுக்கிறவரைக் கடிக்கும், முதலாளியையும் கடிக்கும். ரோசி அப்படி இல்லை. அது முதலில் பார்க்கும், அப்புறம் கேட்கும், அப்புறம்தான் கடிக்கும். கடித்தால் சொன்னவுடன் விடும். இதையெல்லாம் மாஸ்டர் கால் மணி நேரம் தெளிவாகச் சொன்னார். செல்லக்கண்ணுவே அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் பீமராவ்.

"சொன்னேன் சார். பட்டறை சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை."

பீமராவ் ரோசியைப் பார்த்தார். ரோசி உடம்பை உதறியது. அவர்மேல் தண்ணீர் தெறித்தது.

"இருந்தாலும்… இருபது நகம்னா அதுக்குன்னு ஒரு தைரியம் உண்டுல்ல."

மகாலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஏங்க, உங்க கையில எத்தனை நகம்?"

"எதுக்குடி?"

"சொல்லுங்க."

"பத்து."

"கால்ல?"

பீமராவ் குனிந்து காலைப் பார்த்தார்.

"ஆக இருபது. திருடன் வந்த அன்னிக்கு என்ன பண்ணீங்க? மாடியில கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு 'யாரது, யாரது'ன்னு அரை மணி நேரம் கத்தினீங்க. அவன் நிதானமா அண்டாவைத் தூக்கிட்டுப் போனான். புல்லட்டும் அதத்தான் பண்ணப்போகுது. வீட்டுக்கு அப்படி ஒண்ணு போதும்."

மாஸ்டர் தாளை மடித்தார். அதை ரொம்ப நேரம் மடித்தார்.

பீமராவ் வேலியைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு, "கடிக்கறதையாவது ஒரு தடவை காட்டுங்க" என்றார்.

மாஸ்டருக்கு உயிர் வந்தது. ரோசிக்குக் கழுத்துப் பெல்ட்டைப் போட்டார். செல்லக்கண்ணு வழக்கம்போல இடது கையில் ஸ்லீவை மாட்டப் போனார்.

"அண்ணே, இன்னிக்கு வலது கையில போடுங்க. ஒரே கையைக் கடிச்சுப் பழகினா அப்புறம் அந்தக் கையைத்தான் தேடும். ரெண்டு பக்கமும் பழகணும். திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்." மாஸ்டர் நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "வேணாம்னா வேணாம்ணே. இடதுலயே போடுங்க. சார் முன்னாடி எதுக்கு?"

செல்லக்கண்ணு ரோசியைப் பார்த்தார். ரோசி அவர் கையைப் பார்க்கவில்லை, ஸ்லீவையும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போடறேன் மாஸ்டர்."

வலது கையை ஸ்லீவுக்குள் விட்டார். மடங்காத இரண்டு விரலும் உள்ளே சணலில் முட்டி நின்றன. இடது கையால் ஸ்லீவைப் பிடித்து இழுத்து, தோளை ஒரு குலுக்குக் குலுக்கி உள்ளே தள்ளினார். வாரை மகாலட்சுமி கட்டிவிட்டாள். இறுக்கமாகத்தான் கட்டினாள்.

செல்லக்கண்ணு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். கம்பை ஓங்கினார். ரோசி ஒரு தடவை குரைத்தது. அவர் பதில் சொல்லாமல் கத்திக்கொண்டே வேலியைப் பார்த்து ஓடினார்.